ஹீலா செல்கள்: எடுத்ததைப் பற்றி நிறையப் பேசுகிறோம், அந்த அம்மாவுக்கு நடந்த வைத்தியத்தைப் பற்றி?

குடுவைக்காரி | ஞாயிறு, இரவு 9:12

ஒன்பது வருடமாகச் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் போனதும், செல்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியைத் திறந்து குடுவைகளைப் பார்ப்பேன். செல்களுக்கு ஊற்றும் சத்துத் திரவம் ரோஸ் நிறத்தில் இருந்தால் செல்கள் நலம். மஞ்சளாகியிருந்தால் அமிலம் கூடிவிட்டது, உடனே மாற்ற வேண்டும். மற்ற செல்களை இரண்டு மூன்று நாள் விட்டுவைக்கலாம். ஹீலாவை அப்படி விட முடியாது. வெள்ளிக்கிழமை கொஞ்சமாகப் போட்டுவிட்டுப் போனாலும் திங்கட்கிழமை குடுவையின் அடிப்பக்கம் முழுக்கப் படர்ந்து மஞ்சளாகி நிற்கும்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, குடுவை மேல் நான் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஹீலான்னா என்ன?" என்று கேட்டாள். ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெயரின் முதல் எழுத்துகள், அமெரிக்காவில் 1951-ல் இறந்துபோன ஒரு கறுப்பினப் பெண், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், அவரிடம் கேட்காமலேயே எடுத்த செல்கள் என்று எல்லாம் சொன்னேன். அவள் கேட்ட அடுத்த கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "அவங்களுக்கு என்ன வைத்தியம் பண்ணாங்க?"

ஒன்பது வருடமாக அந்தச் செல்களுக்குச் சோறு போடுகிறேன். அவை எத்தனை மணி நேரத்தில் இரட்டிக்கும், எந்த வைரஸ் மரபணு அவற்றுக்குள் இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். அந்த அம்மாவின் உடம்புக்கு என்ன நடந்தது என்று மட்டும் தெரியவில்லை. ஒரு வாரமாக அதைத்தான் தேடிப் படித்தேன்.

1920-ல் வர்ஜீனியா மாநிலத்தில் ரோனோக்கில் பிறந்தவர். கிளோவர் என்ற ஊரில் தாத்தா வீட்டில், புகையிலைக் காட்டு வேலையில் வளர்ந்தவர். கணவருக்கு இரும்பு ஆலையில் வேலை கிடைத்ததால் பால்டிமோர் பக்கம் குடிபோனார்கள். ஐந்து பிள்ளைகள். 1951 தொடக்கத்தில், வயிற்றுக்குள் முடிச்சு போல ஏதோ இருக்கிறது, உதிரம் படுகிறது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போகிறார். கறுப்பின மக்களைச் சேர்த்துக்கொண்ட ஒரு சில மருத்துவமனைகளில் அது ஒன்று. ஆனால் வார்டு தனி. ஹோவர்ட் ஜோன்ஸ் என்ற மருத்துவர் கட்டியைப் பார்த்து, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் என்று உறுதியானது.

அடுத்து ரேடியம் வைத்தார்கள். ரேடியம் நிரப்பிய சிறு குழாய்களைக் கர்ப்பப்பை வாயில் வைத்துத் தைத்துவிடுவதுதான் அன்றைய வைத்தியம். அந்தக் குழாய்களை வைப்பதற்கு முன், மயக்கத்தில் இருந்தவரின் கட்டியிலிருந்து ஒரு துணுக்கும், பக்கத்திலிருந்த நல்ல சதையிலிருந்து ஒரு துணுக்கும் எடுத்தார்கள். ஜார்ஜ் கை என்ற ஆய்வாளருடைய ஆய்வகத்துக்குப் போனவை இந்த இரண்டும்தான். நல்ல சதையின் செல்கள் சில நாளில் செத்தன. கட்டியின் செல்கள் இன்றைக்கும் என் குடுவையில் இருக்கின்றன. அறுவைக்குச் சம்மதம் என்று அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். இந்தத் துணுக்குகளைப் பற்றி அவரிடம் யாரும் பேசவில்லை. இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

எனக்குத் தெரியாமல் இருந்த விஷயம் வேறு. ரேடியத்துக்குப் பிறகு எக்ஸ்ரே கதிர்வீச்சும் கொடுத்தார்கள். வயிற்றுத் தோல் கருகிப் போனது. இனிமேல் குழந்தை பிறக்காது என்பதே பாதியில்தான் அவருக்குத் தெரிந்தது. அவருடைய மருத்துவக் குறிப்பில் அதைப் பதிந்திருக்கிறார்கள்: இனிக் குழந்தை இல்லை என்று சொல்லப்பட்டது, முன்பே சொல்லியிருந்தால் இந்த வைத்தியத்துக்கே சம்மதித்திருக்க மாட்டேன் என்கிறார்.

செல்களைப் பற்றி அவருக்குக் கடைசி வரை தெரியாது. ஆகவே அதைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார் என்று நாம் எல்லோரும் ஊகித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் "என்னிடம் முதலில் சொல்லியிருக்கணும்" என்று அவரே வாய்திறந்து சொன்னது காகிதத்தில் இருக்கிறது. அது செல்களைப் பற்றியது அல்ல, வைத்தியத்தைப் பற்றியது. செல் ஆராய்ச்சியின் அறம் என்று நாம் பேச ஆரம்பிக்கும் இடமே தவறோ என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

ஸ்லைடு | ஞாயிறு, இரவு 10:05

நான் நோய்க்குறியியல் மருத்துவர், நோயாளியிடமிருந்து எடுத்த சதையைப் பார்த்து நோயைச் சொல்பவன். எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் ஒருபக்கமாகப் போய்விடக் கூடாது என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன்.

ரேடியம்தான் அன்றைக்கு இருந்த சிறந்த வைத்தியம். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அதே கட்டியோடு வந்திருந்தாலும் அதையேதான் வைத்திருப்பார்கள். அவருடைய கட்டியை முதலில் வேறு வகை என்று வகைப்படுத்திவிட்டார்கள், உண்மையில் அது சுரப்பிச் செல்களில் தொடங்கும் அடினோகார்சினோமா என்று 1971-ல் ஜோன்ஸும் மற்றவர்களும் எழுதினார்கள். ஆனால் சரியாகக் கண்டுபிடித்திருந்தாலும் அந்தக் காலத்தில் வைத்தியம் மாறியிருக்காது.

ஜார்ஜ் கையைப் பணத்துக்காகச் செய்தவராகப் பார்க்காதீர்கள். அவர் காப்புரிமை எடுக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சோதனைக் குழாயில் போட்டு இலவசமாக அனுப்பினார். சதைத் துணுக்கை ஆராய்ச்சிக்கு எடுக்க நோயாளியிடம் கேட்கும் வழக்கம் அன்று எங்குமே இல்லை. அந்தத் துணுக்கை எடுத்ததால் அந்த அம்மாவின் ஆயுள் ஒரு நாள்கூடக் குறையவில்லை. போலியோ தடுப்பூசிச் சோதனைக்கு அந்தச் செல்கள்தான் உதவின. 2008-ல் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு நோபல் கிடைத்ததே, கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு எச்பிவி வைரஸ் காரணம் என்று கண்டுபிடித்ததற்காகத்தான். ஹீலாவிலேயே அந்த வைரஸின் ஒரு வகையான எச்பிவி-18 இருந்தது. இன்று நம் பெண் பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசி அந்த வழியில் வந்ததுதான்.

1951-ஐ இன்றைய கண்ணாடி போட்டுப் பார்த்தால் எல்லோருமே குற்றவாளிகளாகத்தான் தெரிவார்கள்.

---

முத்துநகர் செவிலி | திங்கள், காலை 6:40

இரவுப் பணி முடித்துவிட்டு எழுதுகிறேன்.

டாக்டர் சார் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் "வைத்தியம் மாறியிருக்காது" என்பதும் "சொல்ல வேண்டியதில்லை" என்பதும் ஒன்றல்ல. குடுவைக்காரி எழுதிய அந்தக் குறிப்பைப் படித்ததும் எனக்கு ஒரு முகம்தான் ஞாபகம் வந்தது.

பல வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த வார்டில் இருபத்தெட்டு வயதுப் பெண். கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. கர்ப்பப்பை வாயில் கட்டி. எங்கள் ஊர்ப்பக்கம் கதிர்வீச்சை யாரும் கதிர்வீச்சு என்று சொல்ல மாட்டார்கள், "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். "கரண்ட் வச்சா சரியாயிடும்மா" என்று எல்லோரும் அவளுக்குத் தைரியம் சொன்னார்கள். படிவத்தில் கணவர் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது வாரம் நான் கட்டு மாற்றும்போது மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, இது முடிஞ்சு எத்தனை மாசம் கழிச்சுப் புள்ளைக்குப் பாக்கலாம்?" யாருமே அவளிடம் சொல்லியிருக்கவில்லை. கணவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் அவளிடம் சொல்லவில்லை. நான் கையில் பஞ்சோடு அப்படியே நின்றேன்.

அன்றைக்கு நானும் சொல்லவில்லை. "டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று நகர்ந்துவிட்டேன். மறுநாள் டாக்டர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வைத்தேன். அவள் வைத்தியத்தை நிறுத்தவில்லை, முழுசாக எடுத்துக்கொண்டாள். ஆனால் அதற்கப்புறம் எங்கள் யாரோடும் பேசவில்லை. சொல்லியிருந்தாலும் சம்மதித்திருப்பாள். சொல்லாமல் விட்டதை அவளால் தாங்க முடியவில்லை.

---

பழைய வழக்கு | திங்கள், மாலை 7:30

வணக்கம். வழக்கறிஞர். ஸ்லைடு அவர்களின் "அந்தக் காலத்தில் வழக்கம் இல்லை" என்ற வாதத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நல்ல வாதம்தான், ஆனால் அது எங்கே உடைகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

1947-ல், நாஜி மருத்துவர்கள் மேல் நடந்த நியூரம்பர்க் வழக்கின் தீர்ப்பில் பத்து விதிகள் எழுதினார்கள். முதல் விதியே, மனிதர் மேல் சோதனை செய்தால் அவருடைய சுயமான சம்மதம் வேண்டும் என்பது. அமெரிக்க மருத்துவர்கள் பலர் அது நாஜிகளுக்கானது, நமக்கு அல்ல என்று நினைத்தார்கள். சரி, அதையும் விடுங்கள். அடுத்து நடந்ததைப் பாருங்கள்.

நியூயார்க்கில் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் செஸ்டர் சவுத்தம் என்று ஒரு புற்றுநோய் ஆய்வாளர். புற்றுச் செல்களைக் கையாளும் ஆய்வாளர்களுக்கே அந்த நோய் தொற்றிவிடுமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். 1954-ல், ஏற்கெனவே புற்றுநோயோடு படுக்கையில் இருந்தவர்களின் முன்கையில் ஹீலா செல்களை ஊசியில் போட்டார். லட்சக்கணக்கான செல்கள். நோய் எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்கிறோம் என்றுதான் அவர்களிடம் சொன்னார். கட்டிகள் வந்தன. வெட்டி எடுத்த பிறகும் சிலருக்குத் திரும்ப வந்தன. ஒருவருக்கு நிணநீர் முடிச்சுகள் வரை பரவியது.

பிறகு 1956-ல் ஒஹாயோ மாநிலச் சிறையில், ஆரோக்கியமான கைதிகளுக்கு. அவர்களுக்கு அது புற்றுச் செல் என்று தெரியும். ஆரோக்கிய உடம்புகள் அதைத் தள்ளிவிட்டன. ஆனால் சிறையில் இருப்பவன் கொடுக்கும் சம்மதத்தைச் சுயமானது என்று சொல்வது கஷ்டம்.

1963 ஜூலையில் புரூக்ளினில், யூதர்களுக்கான நாட்பட்ட நோய் மருத்துவமனையில் 22 நோயாளிகள். பெரும்பாலும் வயதானவர்கள், புற்றுநோய் அல்லாத வேறு நோய்க்கு வந்தவர்கள். பார்க்கின்சன் முற்றிப் பேச முடியாமல் இருந்தவர்கள் உண்டு, இத்திஷ் மொழி மட்டுமே தெரிந்தவர்களும் உண்டு. ஊசியில் இருப்பது புற்றுச் செல் என்று அவர்களிடம் சொல்லவில்லை. அந்த வார்த்தை வேண்டாத பயத்தைக் கிளப்பும் என்பது சவுத்தமின் வாதம்.

இனிமேல்தான் முக்கியமான இடம். ஊசி போடச் சொல்லி முதலில் கேட்டது அங்கே வேலை பார்த்த மூன்று இளம் மருத்துவர்களிடம். ஆவிர் காகன், டேவிட் லெய்ச்டர், பெர்ரி ஃபெர்ஸ்கோ. மூவரும் யூதர்கள். நோயாளியிடம் சொல்லாமல் போட மாட்டோம் என்று மறுத்தார்கள். வேறு ஆளை வைத்துப் போட்டார்கள். மூவரும் வேலையை விட்டார்கள். மருத்துவமனை நிர்வாகக் குழுவில் இருந்த வில்லியம் ஹைமன் என்ற வழக்கறிஞர், பதிவேடுகளைக் காட்டச் சொல்லி நீதிமன்றம் போனார்.

அதே வருடம், அதே கட்டடம், அதே படிப்பு. மூன்று பேருக்குத் தப்பு என்று தெரிந்தது. அப்புறம் எப்படிக் காலத்தின் மேல் பழியைப் போடுவது?

---

தெற்குவாசல் | திங்கள், இரவு 8:02

சவுத்தமுக்கு என்ன ஆனது?

---

பழைய வழக்கு | திங்கள், இரவு 8:20

நியூயார்க் மாநிலத்தில் மருத்துவர் உரிமங்களைப் பார்க்கும் ரீஜென்ட்ஸ் குழு 1965-ல் அவரையும், மருத்துவமனையின் தலைமை மருத்துவர் எமானுவேல் மாண்டலையும் வஞ்சகம், தொழில்முறைக்குப் பொருந்தாத நடத்தை என்று குற்றம் கண்டது. உரிமத்தை ஒரு வருடம் நிறுத்திவைப்பதாகத் தீர்ப்பு. அதையும் நிறைவேற்றாமல் கண்காணிப்பில் மட்டும் வைத்தார்கள். சில வருடத்திலேயே அவர் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைவரானார்.

இந்த வழக்கில் வேறொரு கேள்வியும் எழுந்தது. அவ்வளவு பாதுகாப்பானது என்றால் உங்களுக்கே ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று சவுத்தமிடம் கேட்டார்கள். புற்றுநோய் ஆய்வில் தேர்ந்தவர்கள் குறைவு, சிறிய ஆபத்தாக இருந்தாலும் அதை எடுப்பது அறிவீனம் என்ற பொருளில் பதில் சொன்னார். படுக்கையில் இருந்த கிழவர்களின் உயிர் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

ஆனால் வழக்கு வீண்போகவில்லை. 1966-ல் ஹென்றி பீச்சர் என்ற ஹார்வர்டு பேராசிரியர், அறம் தவறிய 22 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு மருத்துவ இதழில் எழுதினார். புரூக்ளின் ஆய்வும் அதில் ஒன்று. அதே வருடம், தன் நிதியில் மனிதர்கள் மேல் நடக்கும் எந்த ஆய்வையும் ஒரு குழு முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி போட்டது. இன்று நம் ஊர் மருத்துவக் கல்லூரிகளில் கூடும் அறநெறிக் குழுவுக்கு அதுவும் ஒரு வேர்.

---

ஸ்லைடு | திங்கள், இரவு 10:48

அந்த மூன்று மருத்துவர்கள் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. படிக்கும் காலத்தில் சவுத்தம் பெயரைச் சொன்னார்கள், மறுத்தவர்களின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். "அந்தக் காலம்" என்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். உயிரோடு இருப்பவர் உடம்பில் செல்லை ஏற்றுவது வேறு, வெட்டி எடுத்ததில் மிச்சத்தைப் படிப்பது வேறு. என் துறையே இரண்டாவதில்தான் நிற்கிறது. ஒவ்வொரு பயாப்ஸியிலும், அதாவது சோதனைக்கு எடுத்த சதையில், மிஞ்சியதை மெழுகுக் கட்டியில் பதித்து வருடக்கணக்கில் வைத்திருக்கிறோம். பத்து வருடம் கழித்துப் புதிதாக ஒரு மரபணுச் சோதனை வந்தால் அந்தப் பழைய கட்டிகளை எடுத்துத்தான் பார்ப்போம். ஒவ்வொருவரையும் தேடிப் போய்க் கேட்க வேண்டும் என்றால் பாதிப்பேரைக் கண்டுபிடிக்கவே முடியாது. அந்த ஆராய்ச்சியால் பயன்பெற வேண்டிய நோயாளிக்குத்தான் நஷ்டம்.

---

தெற்குவாசல் | செவ்வாய், காலை 7:15

நான் மருத்துவத்துறை இல்லை, கடை வைத்திருக்கிறேன். அந்த மெழுகுக் கட்டி பற்றி எனக்கு ஓர் அனுபவம்.

அப்பாவுக்கு வாயில் புண். ஒரு மருத்துவமனையில் சதை எடுத்துப் பார்த்துப் புற்று என்றார்கள். வேறு ஊரில் இரண்டாவது கருத்துக் கேட்கப் போனபோது அங்கே "பிளாக் கொண்டு வாங்க" என்றார்கள். பிளாக் என்றால் என்ன என்றே எனக்குத் தெரியாது. திரும்பி வந்து முதல் மருத்துவமனையில் கேட்டேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் "அதெல்லாம் இங்க உள்ள சாமான், வெளிய தர முடியாது" என்றார். அப்பா என் பக்கத்தில்தான் நின்றார், வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு. அவர் வாயிலிருந்து எடுத்ததை அவர் எதிரிலேயே சாமான் என்றார்கள். நான்கு நாள் அலைந்து, எழுதிக் கொடுத்து வாங்கினேன். சுண்டுவிரல் நகம் அளவு சதை, மெழுகுக்குள். பேருந்தில் ஊர் போய்ச் சேரும் வரை அப்பா அதைச் சட்டைப் பையில் கைவைத்து மூடிக்கொண்டே வந்தார்.

டாக்டர் சார், ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவும் சொல்லியிருக்க மாட்டார். அப்படி ஒன்று அங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா?

---

ஸ்லைடு | செவ்வாய், காலை 7:50

சொல்லியிருக்க வேண்டும் தம்பி. பிளாக் கொடுக்க மறுத்ததும் தவறு. அப்பாவுக்கு நடந்ததற்காக மனசு கஷ்டமாக இருக்கிறது.

---

பழைய வழக்கு | செவ்வாய், மாலை 6:10

தெற்குவாசல் கேட்ட கேள்வி ஒரு நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது.

ஜான் மூர். 1976-ல் ஹேரி செல் லுக்கீமியா என்ற அரிய ரத்தப் புற்றுநோயோடு கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு, லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார். டேவிட் கோல்டு என்ற மருத்துவர் மண்ணீரலை எடுக்கச் சொன்னார். அது தேவையான வைத்தியம்தான், மூர் பிழைத்தார். அப்புறம் பல வருடம், சியாட்டிலிலிருந்து விமானம் ஏறி வரவைத்து, ரத்தம், எலும்பு மஜ்ஜை, விந்து என்று எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மூர் அதைத் தொடர் சிகிச்சை என்றே நினைத்தார். உள்ளூரில் எடுத்து அனுப்பலாமே என்று கேட்டதற்கு, செலவைத் தாங்களே ஏற்பதாகச் சொன்னார்கள்.

1983-ல் ஒரு படிவம் கொடுத்தார்கள். என் செல்களிலிருந்து உண்டாகும் எதிலும் எனக்குள்ள உரிமையைத் தருகிறேன் அல்லது தரவில்லை, ஏதாவது ஒன்றைச் சுழிக்க வேண்டும். முதல் தடவை "தருகிறேன்" என்று சுழித்தார். அடுத்த தடவை சந்தேகம் வந்து "தரவில்லை" என்று சுழித்தார். ஊர் திரும்புவதற்குள் மருத்துவரிடமிருந்து போன்: தவறாகச் சுழித்துவிட்டீர்கள். மூர் வழக்கறிஞரிடம் போனார். அவருடைய செல்களுக்கு "மோ" என்று பெயர் வைத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

1990-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது: உடம்பை விட்டுப் போன செல்கள் உன் சொத்து அல்ல. ஆனால் இந்த நோயாளியின் செல்லில் தனக்குப் பண லாபம் இருக்கிறது என்பதை மருத்துவர் மறைத்தது தவறு, அதற்கு வழக்குப் போடலாம். இந்தத் தீர்ப்பின் முதல் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் பாதி மிகச் சரி. மருத்துவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நோயாளிக்காக மட்டும் உட்கார்ந்திருக்கிறாரா, வேறு எதற்காகவும் உட்கார்ந்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு.

---

குடுவைக்காரி | செவ்வாய், இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. தெற்குவாசல் அண்ணா, சட்டைப் பையை மூடிக்கொண்டு வந்த உங்கள் அப்பாவை இனி மறக்க மாட்டேன்.

லாக்ஸ் குடும்பத்துக்கு நடந்த இரண்டாவது விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் வேலைக்கு நெருங்கிய விஷயம்.

ஹீலா எவ்வளவு வேகமாக வளரும் என்று சொன்னேன். பக்கத்துக் குடுவையில் ஒரு செல் விழுந்தாலும் போதும், அந்தக் குடுவையையே பிடித்துக்கொள்ளும். 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் ஒரு மாநாட்டில் எழுந்து, நீங்கள் தனித்தனி என்று நம்பி வளர்க்கும் 18 செல் வகைகளும் ஹீலாவாக இருக்கலாம் என்றார். எல்லாவற்றிலும் ஒரே மரபணு அடையாளம், அதுவும் கறுப்பின மக்களிடம் காணப்படுவது. வருடக்கணக்கான ஆய்வுகள் ஆட்டம் கண்டன. எது ஹீலா, எது ஹீலா இல்லை என்று பிரிக்க, அந்த அம்மாவுடைய பிள்ளைகளின் ரத்தம் தேவைப்பட்டது.

1973-ல் ஹாப்கின்ஸிலிருந்து அவர்களைத் தேடிப் போனார்கள். இறந்து இருபத்திரண்டு வருடம் கழித்து. கணவர் நாலாம் வகுப்பு வரை படித்தவர். உன் மனைவி இன்னும் ஆய்வகத்தில் உயிரோடு இருக்கிறாள், பிள்ளைகளுக்கும் புற்று இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் வேண்டும் என்பதுதான் அவருக்குப் புரிந்தது. பிள்ளைகள் வரிசையாகக் கையை நீட்டினார்கள். அம்மா இறந்த வயதை நெருங்கிக்கொண்டிருந்த மகள் டெபோரா, தனக்கும் அது வந்துவிட்டதா என்ற முடிவுக்காகக் காத்திருந்தார். அப்படி ஒரு சோதனையே அங்கு நடக்கவில்லை. ஆய்வுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியரிடம் நேரில் போய்க் கேட்டபோது, அவர் தான் தொகுத்த மரபியல் நூலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த நூலுக்குள் டெபோராவுடைய அம்மாவின் படம் இருந்தது.

1951-க்கு "வழக்கம் இல்லை" என்று சொல்லலாம். 1973-ல் விதிகள் வந்துவிட்டன. ஆனால் உட்கார்ந்து பேச மட்டும் யாரும் வரவில்லை. படிவம் இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், டெபோரா அதிலும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

---

ஸ்லைடு | புதன், காலை 6:55

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன்.

அப்புறம் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2013 மார்ச்சில் ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஹீலாவின் முழு மரபணுத் தொகுதியைப் பொதுவெளியில் போட்டார்கள், அப்போதும் குடும்பத்தைக் கேட்கவில்லை. எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். ஆனால் இந்தத் தடவை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் தலைவர் பிரான்சிஸ் காலின்ஸ் நேரில் போய்க் குடும்பத்தோடு பேசினார். ஆகஸ்டில் ஒப்பந்தம்: அந்தத் தரவு வேண்டும் என்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டும், பார்க்கும் குழுவில் குடும்பத்தினர் இருவர். குடும்பம் தடை கேட்கவில்லை. ஆராய்ச்சி நடக்கட்டும், எங்களுக்கும் தெரியட்டும் என்றார்கள். ஹீலா செல்களை விற்று லாபம் பார்த்ததாகத் தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின் மேல் குடும்பம் போட்ட வழக்கும் 2023-ல் சமரசமாக முடிந்தது.

கேட்டால் ஆராய்ச்சி நின்றுவிடும் என்று நான் சொன்ன பயத்துக்கு இதுவே பதில் என்று நினைக்கிறேன். முழுப் பதில் இல்லை, என்னிடம் இருக்கும் பழைய மெழுகுக் கட்டிகளுக்கு இன்னும் வழி தெரியவில்லை. ஆனால் இனி வருகிறவர்களிடம் கேட்பதில் எனக்குத் தடை இல்லை.

---

குடுவைக்காரி | புதன், இரவு 8:15

அப்படியென்றால் ஓர் உதவி. எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக நோயாளிகளிடமிருந்து கட்டிச் சதை வாங்கிச் செல் வளர்க்கும் திட்டம் வருகிறது. ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவத்தை என்னிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதில் உள்ள வாக்கியம் இது:

"தன்னிடமிருந்து பெறப்படும் உயிரியல் மாதிரிகள் எதிர்கால ஆராய்ச்சி நோக்கங்களுக்காகப் பயன்படுத்தப்படக்கூடும் என்பதை நான் முழுமையாக அறிந்து தன்னிச்சையாகச் சம்மதிக்கிறேன்."

எனக்கே மூச்சு முட்டுகிறது. செவிலி அக்கா, வார்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?

---

முத்துநகர் செவிலி | வியாழன், காலை 6:30

இதை வாசித்துக் காட்டினால் தலையை ஆட்டிவிட்டுக் கைநாட்டு வைப்பார்கள். நான் பேசுகிற மாதிரி எழுதித் தருகிறேன், நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

"உங்கள் கட்டியிலிருந்து எடுக்கும் சதையில் ஒரு பகுதி உங்கள் நோயைத் தெரிந்துகொள்ள. மிஞ்சுவதை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா? வேண்டாம் என்றாலும் உங்கள் வைத்தியம் இதேபோல் நடக்கும். இந்த ஆராய்ச்சியால் உங்கள் நோய் குணமாகாது, பின்னால் வேறு யாருக்காவது உதவலாம். இதிலிருந்து மருந்து கண்டுபிடித்து யாராவது லாபம் பார்த்தால் உங்களுக்குப் பங்கு கிடைக்காது."

"வேண்டாம்" என்ற கட்டத்தை முதலில் போடுங்கள், "சரி" என்பதை இரண்டாவதாக. முதலில் இருப்பதில்தான் கை போகும்.

---

பழைய வழக்கு | வியாழன், காலை 9:10

செவிலி அம்மா எழுதியதில் சட்டப்படி ஒன்றும் குறையவில்லை. இரண்டு சேருங்கள்: பிறகு மனம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு தொலைபேசி எண். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி கூட இருந்து கேட்க வேண்டும், அவருடைய கையெழுத்தும் வேண்டும்.

---

தெற்குவாசல் | வியாழன், பகல் 1:25

செல் உயிரோடு இருக்கும் என்பதைச் சொல்ல மாட்டீர்களா? அந்தக் கணவர் பயந்தது அந்த வார்த்தையில்தானே. சொன்னால் பயப்படுவார்கள், சொல்லாவிட்டால் மறைத்த மாதிரி ஆகும்.

---

முத்துநகர் செவிலி | வெள்ளி, காலை 6:45

தம்பி கேட்டது நியாயம். நேற்று இரவு வார்டில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். தயிருக்கு உறை ஊற்றுகிற கதையாகச் சொன்னேன். "ஒரு கரண்டி மோரை எடுத்துப் பாலில் விட்டால் அது தயிராகும், அதிலிருந்து ஒரு கரண்டி அடுத்த நாளுக்கு. முதல் மோர் கொடுத்த வீட்டுப் பானை உடைந்து போனாலும் இந்த வீட்டில் உறை ஓடிக்கொண்டே இருக்கும். உங்க சதையில ஒரு துணுக்கை எடுத்து அப்படித்தான் கண்ணாடிக் குடுவையில வளர்ப்பாங்க. அது நீங்க இல்ல. அதுக்கு வலி தெரியாது, நினைப்பு இருக்காது."

ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "நான் போன பெறகும் ஓடுமா?" என்று கேட்டார். ஓடலாம் என்றேன். "அப்ப எம் மவகிட்டயும் சொல்லிருங்க, பின்னால யாரும் வந்து கேட்டா அது பதறக்கூடாது" என்றார்.

---

குடுவைக்காரி | வெள்ளி, இரவு 9:05

உறை மோரை அப்படியே சேர்த்துவிட்டேன். ஆச்சி சொன்னதற்காகக் கீழே ஒரு வரி கூடுதலாகப் போட்டிருக்கிறேன்: "இதைப் பற்றி வீட்டில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" பெயர் எழுத ஒரு கோடு. திங்கட்கிழமை அறநெறிக் குழுவுக்குப் போகிறது. திருத்தம் சொன்னால் இங்கேயே வந்து எழுதுகிறேன்.